அலை, பருவம், சுமை: 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கடல்வழிப் படையிறக்கத்தின் விலை

கடல்வழியாக வந்து கரையில் இறங்கும் படைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மணலில் நடந்த சண்டையையே எழுதுகிறார்கள். 1915-இல் கலிப்பொலியும் 1944-இல் நார்மண்டியும் அப்படித்தான் நினைவில் நிற்கின்றன. சோழமண்டலக் கரையில் 1746 முதல் 1761 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய போர்கள் வேறொரு கணக்கைக் காட்டுகின்றன. இங்கே படையிறக்கத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவை பெரிதும் மூன்று: கரையலை, பருவக்காற்று, சுமை தூக்கும் ஆட்கள். அதன் விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்களோ எந்தப் படைப்பட்டியலிலும் இடம்பெறாத ஊர்மக்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

துறைமுகம் இல்லாத கரை

அன்றைய புதுச்சேரிக்கும் சென்னைக்கும் கப்பல் அணையும் துறை இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து கரை சேர அடுத்தடுத்து உடையும் அலைவரிசைகளைத் தாண்ட வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் ஆணி அடித்த படகுகள் அந்த அலையில் மோதிச் சிதறும். தாண்ட வல்லவை சலங்கு என்றும் மசூலாப் படகு என்றும் வழங்கிய உள்ளூர்ப் படகுகளே. அவற்றின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. தரையில் தட்டினால் நெகிழ்ந்து கொடுக்கும், பிளக்காது. அலைகளுக்கு இடையே எந்த நொடியில் துடுப்புப் போடுவது என்பது கரையோர மீனவர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை. ஆகவே எந்தத் தளபதி வந்தாலும், அவனுடைய சிப்பாயும் பீரங்கியும் வெடிமருந்துப் பீப்பாயும் இந்தப் படகோட்டிகளின் கையைக் கடந்தே கரையேற வேண்டியிருந்தது.

இந்தக் கட்டாயத்தின் விளைவை எளிதில் காணலாம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, ஆங்கிலேயர் கையிலிருந்த சென்னைக்குத் தெற்கே, கோட்டையின் பீரங்கிகளுக்கு எட்டாத இடத்தில், படையை இறக்கினார். 1748-இல் ஆங்கிலத் தளபதி பொஸ்கவென் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரியைத் தாக்க வந்தபோது, கடலூரை அடுத்து, தம்மவர் கையிலிருந்த தேவனாம்பட்டினத்தில் இறங்கித் தரைவழியே வடக்கு நோக்கி நடந்தார். எதிரியின் குண்டுக்கும் அலைக்கும் ஒருசேர முகங்கொடுத்து இறங்குவதன் விலையை இருவரும் அறிந்திருந்தார்கள், அதைத் தவிர்த்தார்கள். ஆனால் தவிர்த்த விலை வேறு வடிவில் திரும்பி வந்தது.

பருவம் வசூலித்த கடன்

லா பூர்தொனே சென்னையை எளிதாகப் பிடித்தார். பேரம் பேசிக் காலம் கடத்தியதில் அக்டோபர் வந்தது. அக்டோபர் 13 இரவு அடித்த புயலில் அவருடைய கப்பற்படை சிதைந்தது. சண்டையில் இழக்காததை ஓர் இரவில் இழந்தார்.

பொஸ்கவெனின் படை சுமார் 6,000 பேர். அரியாங்குப்பத்தில் சிறு கோட்டை ஒன்று அவர்களைப் பல நாட்கள் தடுத்து நிறுத்தியது. அதன்பின் நகரின் மதிலிலிருந்து ஏறத்தாழ 1,500 கஜ தூரத்தில், நீர் தேங்கிய நிலத்துக்கு அப்பால், பதுங்குகுழி வெட்டத் தொடங்கினார்கள். கப்பலிலிருந்து இறக்கிய கனப் பொருள்களை அவ்வளவு தூரம் இழுத்துச் செல்வதிலேயே நாட்கள் கரைந்தன. கடலிலிருந்து குண்டு பொழிந்தும் பயனில்லை. ஆழமற்ற கடல் கப்பல்களை நெருங்க விடவில்லை. அந்தப் பொழிவில் தெருவில் சென்ற தமிழ்க் கிழவி ஒருத்தி மட்டுமே மாண்டாள் என்று பிரெஞ்சுத் தரப்பு சொன்னது. அக்டோபரில் மழை இறங்கியதும் முற்றுகை கைவிடப்பட்டது. வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் தரும் கணக்கின்படி ஆங்கிலேயர் இழந்த ஐரோப்பியர் 1,065 பேர். அவர்களோடு நின்ற இந்தியச் சிப்பாய்களும் கூலிகளும் அந்த எண்ணில் இல்லை.

தோல்விக்குக் காரணம் பொஸ்கவெனின் முற்றுகைத் தவறுகளே என்று சொல்வார்கள். தவறுகள் உண்டு. ஆனால் தவறைத் திருத்திக்கொள்ள அவகாசம் தராதது பருவம். ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகைக்கு இந்தக் கரை அளித்த காலம் இரண்டு மாதங்களே.

சுமந்தவர்கள்

1758 ஏப்ரல் 28 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் இறங்கினார். சொந்தக் கரை, எதிர்ப்பு இல்லை. ஆயினும் அன்றிரவே, உணவும் ஒழுங்கான வழிகாட்டிகளும் இன்றிக் கடலூர் நோக்கிப் படையை அனுப்பினார். அது வழிதவறிப் பசியோடு போய்ச் சேர்ந்தது. வண்டிமாடும் கூலியாட்களும் போதாதபோது, ஊர்மக்களைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். தேவனாம்பட்டினம் ஜூன் 2-இல் வீழ்ந்தது. ஊரின் நம்பிக்கையையோ லாலி இழந்துவிட்டார். கரையில் இறங்குவது ஒரு நாள் வேலை; இறங்கிய படையை நகர்த்துவது நெடுநாள் வேலை. அதை வற்புறுத்தலால் செய்ய முயன்றவர், தமக்கு மிக வேண்டிய ஆட்களையே பகைத்துக்கொண்டார்.

கடைத்தெரு கொடுத்த விலை

1760-இல் ஆங்கிலத் தளபதி கூட் தரையிலும் ஆங்கிலக் கப்பல்கள் கடலிலும் நகரை அடைத்தன. தானியம் குறைந்ததும், நவம்பர் இறுதியில் சுமார் 1,400 ஊர்மக்களை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயர் முதலில் வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் நடுவே பல நாட்கள் அவர்கள் பட்டினி கிடந்தார்கள்.

1761 ஜனவரி 1 அன்று அடித்த புயல் முற்றுகையிட்ட கப்பல்களைச் சிதறடித்தது. மூன்று கப்பல்களில் மட்டும் சுமார் 1,100 பேர் மாண்டனர். கடல் திறந்தது. பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சு அலுவலருக்கு, எப்படியாவது அரிசி அனுப்புமாறு லாலி எழுதினார். அரிசி வரவில்லை. சில நாட்களில் எஞ்சிய ஆங்கிலக் கப்பல்கள் திரும்பின. அந்த மாத நடுவில் நகரம் சரணடைந்தது. கடலைத் திறந்துவிட்டால் போதாது. ஏற்றி வரப் படகும், கொடுக்க மனமுள்ள சந்தையும் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மறு வாசிப்பின் தேவை

1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் நேசநாடுகள் செயற்கைத் துறைமுகங்களையே இழுத்துச் சென்று நிறுவின. அவற்றில் ஒன்றை இரண்டே வாரங்களில் புயல் அழித்தது. கரையேறிய படைக்குச் சோறும் குண்டும் தொடர்ந்து சேர்ப்பதே பெரும்பாடு என்ற உண்மை இரு நூற்றாண்டுகளிலும் மாறவில்லை.

இந்த வரலாற்றைச் சுமந்தவர் பக்கமிருந்து எழுதப் புதுச்சேரியில் அரிய சான்று உண்டு. பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ரங்கப்பிள்ளை வீதியில் மாளிகை கட்டி வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸின் துபாசி (மொழிபெயர்ப்பாளர்). 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பை ஆளுநர்களின் அரசியலுக்காக மட்டும் படித்து வந்திருக்கிறோம். படகு, கூலி, தானியம், ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் ஆகியவற்றுக்காக அதை மீண்டும் படிக்க வேண்டும். தளபதிகள் தங்கள் இழப்பைத் தாங்களே எண்ணி வைத்துவிட்டுப் போனார்கள். மீனவரும் கூலியும் கடைக்காரரும் இழந்ததை எண்ணுவது ஆய்வாளர்களாகிய நம் கடமை. அது முடியும்வரை இந்தப் போர்களின் விலை தெரியும் என்று நாம் சொல்லிக்கொள்ள இயலாது.