பதிவேட்டில் நின்ற பெயரும் நீங்கிய பெயரும்

நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைபுரிவோன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என வகுத்தார் வள்ளுவர். இவற்றுள் மருத்துவனோ துணைபுரிவோனோ நெறி தவறினால், அதனை நோயாளி அறிவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே மருத்துவர் பதிவேட்டின் வரலாறு எனலாம்.

பிரிட்டனில் 1858ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவச் சட்டம், தகுதி பெற்றோரையும் பெறாதோரையும் மக்கள் பிரித்தறிய வழி செய்தது. மறு ஆண்டே பதிவேடு அச்சாகி வெளிவந்தது. பெயரைச் சேர்க்கும் உரிமையோடு, இழிநடத்தைக்காகப் பெயரை நீக்கும் உரிமையும் மருத்துவ மன்றத்திற்கு வழங்கப்பட்டமையே இச்சட்டத்தின் சிறப்பாகும். இம்முறை 1905இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும், 1914இல் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது.

ஆயினும் மலாயாவில் நம் முன்னோரின் நிலை வேறு. 1901இல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு வந்தபோது, அந்நகரையும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையும் மலேரியா வாட்டிக் கொண்டிருந்தது. சதுப்பு நீரை வடித்து அவர் நோயைத் தணித்தார். ஆனால், கிள்ளானைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளி நாள்தோறும் கண்ட வைத்தியர் பட்டம் பெற்றவர் அல்லர். ‘டிரெசர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரே ஆவார். அவருள் பலர் தம் பணியைத் தொண்டாகவே ஆற்றினர் என்பதில் ஐயமில்லை. எனினும், மருத்துவர் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. இடம்பெறாத பெயரை எவ்வாறு நீக்குவது? குறையுற்ற தொழிலாளி பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்திடமே முறையிட வேண்டியிருந்தது. டிரெசருக்கு ஊதியம் அளித்ததும் அந்நிர்வாகமே. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்த பின்னரே அவருக்கும் ஒரு பதிவேடு அமைந்தது.

1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் மலேசிய மருத்துவ மன்றத்தைத் தோற்றுவித்தது. கண்டித்தல், குறித்த காலம் பதிவை நிறுத்திவைத்தல், பெயரை நீக்குதல் ஆகிய தண்டனைகளை அது வகுத்தது. பாரம்பரிய வைத்தியத்திற்கும் 2016இல் தனிச்சட்டம் பிறந்தது.

இன்று கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒருவர், தம் மருத்துவரின் பெயர் மன்றப் பதிவேட்டில் உண்டா, அவ்வாண்டுக்குரிய தொழிற்சான்றிதழ் உண்டா என்பதை இணையத்தில் தேடி அறியலாம். ஆயினும் பெயர் இல்லாமை மட்டும் காரணத்தைக் கூறிவிடாது. மறைந்தவர் பெயரும் அங்கில்லை; நீக்கப்பட்டவர் பெயரும் அங்கில்லை. உலக நாடுகள் இதில் ஒருமித்த கருத்துக் கொண்டில. அமெரிக்காவில் 1990இல் தொடங்கிய தேசியத் தரவகம், தண்டனை பெற்ற மருத்துவரின் பெயரைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவிலோ பதிவு நீக்கப்பட்டோரின் பட்டியலே வெளியிடப்படுகிறது.

வெறும் புகாரின் பேரில் ஒருவர் பெயரை ஊரறியச் செய்தல் அறமன்று. விசாரணை முடியும்வரை அவர் மானம் காக்கப்பட வேண்டும். ஆனால், குற்றம் உறுதியான பின்னும் அதனை மறைத்தல், அடுத்த நோயாளிக்கு இழைக்கும் தீங்காகும். டிரெசரின் தகுதியைக் கேட்டறிய வழியின்றி வாழ்ந்த தலைமுறையின் வழிவந்தோர் நாம். கேட்டறிய வழி பிறந்துள்ள இந்நாளில், அவ்வழியை மாணவர்க்குக் காட்டுவது தமிழாசிரியர்தம் கடமைகளுள் ஒன்றாகும்.