எபெனேசர்க் கல்லும் நினைவுகூரும் மரபும்

நெல்லை, குமரி மாவட்டங்களின் சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பங்களிடையே எபனேசர் என்னும் பெயர் வழக்கில் உள்ளது. அப்பெயர் தாங்கியோருள் சிலர் அதனை விவிலிய மாந்தர் ஒருவரின் பெயரென்றே கருதக் கேட்டிருக்கின்றோம். ஆயின் விவிலியத்தில் அப்பெயருடைய மாந்தர் எவரும் இலர். அஃது ஒரு கல்லின் பெயர். எபிரேய மொழியில் 'எபென்' என்பது கல், 'ஏசெர்' என்பது துணை. துணைக்கல் என நாம் பெயர்த்துக் கொள்ளலாம். இறைவன் முன்னர்ச் செய்த உதவியை நினைந்து அதன்மேல் இன்றைய வாழ்வைக் கட்டுதல் என்னும் கிறித்தவக் கோட்பாட்டிற்கு இக்கல்லையே சான்றாகக் காட்டுவது வழக்கம். அச்சான்று எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாம் சாமுவேல் நூலின் ஏழாம் அதிகாரம் தரும் செய்தி இது. இசுரவேலர் மிசுபாவில் கூடி நோன்பிருக்கையில் பெலித்தர் படையெடுத்து வருகின்றனர். சாமுவேல் வேண்டுதல் செய்கிறான், பேரிடி முழங்குகிறது, பகைவர் கலங்கி ஓடுகின்றனர். பின்னர்ச் சாமுவேல் மிசுபாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி அதற்கு எபெனேசர் எனப் பெயரிடுகிறான்.

போர்க்களத்தை அடுத்துக் கல் நிறுத்துதல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்டு வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியம் துறை வகுத்துள்ளது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழிப் பொறிப்புடைய நடுகற்கள் அம்மரபின் தொன்மையை ஐயமற நிறுவின. இரண்டையும் ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாடு புலனாகின்றது. நடுகல் மாய்ந்த மறவனின் பெயரும் பீடும் தாங்கி நிற்பது. எபெனேசர்க் கல்லில் வீரன் பெயர் இல்லை. அதனை நிறுத்திய சாமுவேலின் பெயரும் இல்லை. நடுகல் பட்டானை நினைப்பது. இது துணைநின்றானை நினைப்பது. இவ்வேறுபாடு கொண்டு ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்துதல் எம் கருத்தன்று.

இனி, எபெனேசர் என்னும் பெயர் இவ்வதிகாரத்தில் முதன்முதலாக வருவதன்று என்பதைக் கருதுதல் வேண்டும். நான்காம் அதிகாரத்திலேயே இசுரவேலர் எபெனேசரில் பாளையமிறங்குகின்றனர். அங்கே முதற்போரில் ஏறத்தாழ நாலாயிரவரும் இரண்டாம் போரில் முப்பதினாயிரவரும் மாண்டனர் என்கிறது நூல். உடன்படிக்கைப் பேழையும் பகைவர் கைப்பட்டது. எனவே வெற்றிக்கல்லின் பெயரே தோல்விக்களத்தின் பெயருமாகின்றது. இரண்டும் ஓரிடமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. முன்னது கடற்கரைச் சமவெளியை ஒட்டிய ஆப்பெக்குக்கு எதிரிலுள்ளது. பின்னது மலைநாட்டு மிசுபாவை அடுத்தது. ஆப்பெக்குக்குக் கிழக்கேயுள்ள இசுபெத் சார்த்தா என்னும் மேட்டில் 1976ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தோர் அதுவே முதல் எபெனேசராகலாம் எனக் கருதினர். அஃது எவ்வாறாயினும் ஆகுக. நூலாசிரியன் இரு நிகழ்ச்சிக்கும் ஒரு பெயரையே வைத்தான். முன்னதை மறந்து பின்னதைப் படித்தல் எவர்க்கும் இயலாது.

அத்தோல்வியின் காரணமும் நினைவோடு தொடர்புடையதே. முதற்போரில் தோற்ற மூப்பர், சீலோவிலிருந்து பேழையைக் கொணர்ந்தால் அது தம்மைக் காக்கும் என்கின்றனர். பேழை வந்ததும் நிலம் அதிர ஆர்ப்பரிக்கின்றனர். ஆயினும் அவர்தம் வாயில் எகிப்து விடுதலையைப் பற்றிய சொல் ஒன்றேனும் அவ்வதிகாரத்தில் இல்லை. எகிப்தியரை வாதித்த கடவுள் இவரல்லரோ என நினைவுகூர்ந்து அஞ்சுவோர் பெலித்தரே! முன்னை அருளின் சின்னம் ஒரு சாரார் கையில். அதன் நினைவு மற்றொரு சாரார் வாயில். இம்முரணை ஆசிரியன் அறிந்தே அமைத்தான் என்பது எம் துணிபு. பேழை கீரியாத்து யாரீமில் தங்கிய இருபதாண்டுகள் கழிந்த பின்னரே, அயற்கடவுளரை அகற்றித் தம் பிழையை அறிக்கையிட்ட மக்களிடையே கல் எழுகின்றது. ஆதலின் 'இதுவரை துணை' என்பதில் அத்தோல்வியும் அவ்விருபதாண்டுகளும் அடங்கும். வெற்றிகளை மட்டும் தொகுத்தெழுதிய கணக்கேடாக இக்கல்லைக் காண்போர் நூலின் பாதியையே படித்தவராவர்.

'இதுவரை' எனப் பொருள்படும் எபிரேயத் தொடர் இடவெல்லையையும் கால எல்லையையும் ஒருங்கே குறிக்க வல்லது. தமிழ் விவிலியம் அதனை 'இம்மட்டும்' எனப் பெயர்த்துள்ளது. மட்டு என்பது அளவு, எல்லை என்னும் பொருளது. ஊர்மட்டும், இன்றுமட்டும் என இடத்திற்கும் காலத்திற்கும் பொதுவாய் வருவது. மூலத்தின் இருபொருளையும் இத்துணை இயல்பாக ஏற்ற சொல் பிற மொழிபெயர்ப்புகளில் எளிதிற் கிடைப்பதன்று. இக்காலத்தில் 'மட்டும்' என்பது 'மாத்திரம்' என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குவதால் இளைய வாசகர் இந்நயத்தைத் தவறவிடுதல் கூடும். சீகன்பால்கு தம் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை ரூத்து நூல்வரை முடித்து 1719இல் மறைந்தார். அடுத்து வரும் சாமுவேல் நூல் தொடங்கி எஞ்சியவற்றைச் சூல்சு பெயர்த்தார். தொடர்ந்து பப்பிரீசியு, பவர் முதலியோர் கைகளில் தமிழ் விவிலியம் திருந்திற்று.

நினைவு ஒழுக்கமாகும் இடம் உபாகமம். அதன் இருபத்துநான்காம் அதிகாரத்தில் ஒரு விதி உண்டு. அறுவடையில் ஓர் அரிக்கட்டை வயலில் மறந்து வந்தால் அதனை எடுக்கத் திரும்பிச் செல்லலாகாது. அஃது அயலானுக்கும் திக்கற்றவனுக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. காரணம்? நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்பதே. மறந்த கட்டை மறந்தவாறே விடுதற்கு மறவாத அடிமைத்தனம் காரணமாகின்றது. கிறித்தவ வாழ்வுக்கு நினைவு அடித்தளம் என்னும் கோட்பாட்டை விளக்கப் பல நூல்கள் எழுந்துள. அவற்றுள் பல இவ்வொரு கட்டின் அருகே கூட வாராதது வியப்பே.

நினைவு பிழைபடவும் கூடும். மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபங்காட்டியமையால் எசேக்கியா அதனை உடைத்தான். ஏசாயா நாற்பத்துமூன்றாம் அதிகாரம் முந்தினவற்றை நினையாதீர் என்கிறது. நாற்பத்தாறாம் அதிகாரம் நினையுங்கள் என்கிறது. இம்முரண் தோற்றமே. நினையாதீர் என்னுமுன் கடலில் வழி அமைத்த செயலை அத்தீர்க்கன் தானே நினைவூட்டுகின்றான். அவன் விலக்குவது, பழையதோடு இறைவன் செயல் முடிந்தது என்னும் எண்ணத்தை.

பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் இதனை இலக்கணமாகவே காணலாம். ஆசியாவில் உயிர்மேல் நம்பிக்கையற்றுப் போன இடரிலிருந்து கடவுள் தம்மை விடுவித்ததைக் கூறுமிடத்து, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என ஒரே வினை மூன்று காலத்தும் நடப்பதாகப் பழைய தமிழ் மொழிபெயர்ப்புக் காட்டுகிறது. தொன்மைமிக்க கிரேக்க ஏடுகள் சிலவற்றில் நடுவிலுள்ளதும் எதிர்கால வினையே. அப்பாடத்தை ஏற்பின், கடந்ததிலிருந்து நேரே வருவதற்குத் தாவுகின்றது நம்பிக்கை. துன்புறும் நிகழ்காலத்தைப் பற்றி எழுதியவர் உறுதி ஒன்றும் கூறவில்லை. எமக்கு இப்பாடமே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

தமிழகத்தில் இம்மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டு, கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலித் திருச்சபையின் முற்கால வரலாறு. 1816இல் படைக்குரு ஜேம்சு ஹவ் பாளையங்கோட்டைக்கு வருமுன் சபைகள் மேய்ப்பாரின்றித் தளர்ந்து கிடந்ததை அவர் மறைத்தாரல்லர். அச்சபையின் தொடக்கமாகக் கொள்ளப்பெறுவது 1780ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற நாற்பது பெயர் கொண்ட பட்டியல். அதன் தலையிலுள்ளது குளோரிந்தாவின் பெயர். மராத்தியப் பார்ப்பனக் குலத்துக் கைம்பெண்ணான அவர் ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரோடு வாழ்ந்த காலத்தில் திருமுழுக்குக் கேட்டபோது சுவார்ட்சு மறுத்தார். அப்படைத்தலைவர் இறந்த பின்னர் 1778இல் அவரே அதனை அளித்தார். பாளையங்கோட்டையில் அவ்வம்மையார் எழுப்பிய கோயில் 1785இல் சுவார்ட்சு கையாலேயே திறக்கப்பெற்றது.