உலா (இணைய உலாவி)

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட இணைய உலாவி ‘உலா’ ஆகும். உபயோகிப்பவரின் அந்தரங்கத்தைக் காப்பதும், அவரவர் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ள இடந்தருவதும் இதன் பிரதான நோக்கங்கள். கூகிள் 2008 செப்டம்பரில் குரோம் உலாவியோடு சேர்த்து உலகுக்கு அளித்த குரோமியம் என்னும் திறந்த மூல நிரலே இதற்கு அஸ்திவாரம்.

இத்தகைய உலாவி தேவைப்பட்டதற்குக் காரணம் பழையது. ஒரு தளம் தன்னிடம் முன்பு வந்தவரை மறுபடியும் அடையாளங் காண்பதற்காக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தார் உண்டாக்கிய ‘குக்கி’ என்னும் சிறு குறிப்பு, ஒரே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் புகுந்துகொண்ட பிறகு, ஒருவர் எங்கெங்கே போனார், எதை விரும்பிப் பார்த்தார் என்பதையெல்லாம் கோத்து வைக்கும் சரடாக மாறிற்று. அதே நெட்ஸ்கேப் 1998-இல் தன் மூலநிரலைப் பகிரங்கப்படுத்தியதன் பயனாகத் தோன்றி, 2004 நவம்பர் 9-இல் முதல் முழுப் பதிப்பைக் கண்ட ஃபயர்பாக்ஸ், தோற்றத்தையும் நடத்தையையும் பயனரே நீட்சிகளின் துணையால் திருத்திக்கொள்ளும் சுதந்திரத்தைப் பிரசித்தமாக்கியது. இந்தியாவில் பெங்களூரின் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் நிறுவனம் 2010-இல், ஃபயர்பாக்ஸுக்கும் அடிப்படையான மொசில்லா நிரலின்மேல் ‘எபிக்’ உலாவியை அமைத்து, இந்திய மொழிகளில் எழுதும் வசதியைச் சேர்த்தது; 2013-இல் குரோமியத்துக்கு மாறி, அந்தரங்கப் பாதுகாப்பையே தன் கொள்கையாக்கிக்கொண்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது இதற்கெல்லாம் பிற்பாடு.

சோகோ 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பட்ட ஸ்தாபனம். தென்காசியிலும், திருப்பதிக்கு அண்மையிலுள்ள ரேணிகுண்டாவிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. விளம்பர வருமானத்தை நம்பாமல் மென்பொருளுக்கான கட்டணத்தையே நம்பி நடப்பதால், பிறர் நடமாட்டத்தைக் கவனித்து விற்கவேண்டிய நிர்ப்பந்தம் இந்நிறுவனத்துக்கு இல்லை என்பது உலாவின் பக்கம் நிற்கும் பலமான வாதம்.

விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் உலா தானே தடுத்துவிடுகிறது. அலுவலகம், சொந்த உபயோகம், குழந்தைகள், நிரலாக்கம் முதலியவற்றுக்குத் தனித்தனி முறைகளை வகுத்து, ஒன்றின் தடயம் மற்றொன்றில் கலவாதபடி பிரித்து வைப்பது இதன் விசேஷம். ஆனால் திருப்பதி, சித்தூர்ப் பக்கத்து நெட் சென்டர் ஒன்றில், 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட்டுக்காகக் குடும்பத்தார் அனைவரின் பெயர், வயது, அடையாள எண்களைத் தட்டச்சு செய்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறாமலே எழுந்து போகும் யாத்ரீகரை எந்தத் தடுப்பானும் காப்பாற்றாது. அடுத்து அதே நாற்காலியில் அமர்பவரிடமிருந்து காக்கக்கூடியது, வேலை முடிந்ததும் சாளரத்தை மூடிவிட்டால் வரலாற்றைச் சேமித்து வைக்காத அந்தரங்கச் சாளரமும், வெளியேறும் பழக்கமுமே.

சுதேசி உலாவி ஒன்றை உருவாக்குவதற்காக மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் போட்டி அறிவித்தது. அயல்நாட்டு உலாவிகள் இந்தியச் சான்றளிப்பு அமைப்பின் மூலச் சான்றிதழைத் தம் நம்பிக்கைப் பட்டியலில் ஏற்காதிருந்த குறையை நீக்குவது அதன் முக்கிய காரணங்களுள் ஒன்று. 2025 மார்ச்சில் வெளியான முடிவில் சோகோவுக்கு முதற் பரிசாக ஒரு கோடி ரூபாயும், பிங் குழுவுக்கு 75 லட்சமும், அஜ்னா குழுவுக்கு 50 லட்சமும் கிடைத்தன.

சுதேசி என்ற அடைமொழியை அளவோடு கொள்ளவேண்டும். குரோமியம் எத்திசையில் வளரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கூகிளே. அங்கே நீட்சிகளுக்கான விதி மாறினால், அதை ஏற்பதோ, மாறாக நின்று தனியே பராமரிக்கும் செலவைச் சுமப்பதோ அதன்மேல் கட்டிய ஒவ்வொருவர் தலையிலும் விழும். மேலும், அஸ்திவாரம் எவரும் பரிசோதிக்கும்படி திறந்து கிடக்க, சோகோ அதன்மேல் எழுப்பிய பகுதி நிறுவனத்தின் சொந்த உடைமையாகவே இருக்கிறது. ஆகையால் ஃபயர்பாக்ஸைச் சொல்வதுபோல உலாவை முழுத் திறந்த மூல உலாவி என்று சொல்வதற்கில்லை.