டப்ளினில் ஓடிய டிரம் ரயில்

பேட்டரியில் ஓடும் ரயில் என்றால் ஏதோ நேற்று வந்த சமாசாரம் என்றுதான் நானும் நினைத்துக் கொண்டிருந்தேன். அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் 1932-லேயே அது ஆபீஸ் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் வேடிக்கை காட்ட இல்லை, 1949 வரை, பதினேழு வருஷம்! ஆனாலும் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் "தோற்றுப்போன கண்டுபிடிப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மின்சார ரயில் வேண்டுமென்றால் தலைக்கு மேல் கம்பி கட்டிவிட்டால் போச்சு, எதற்குப் பேட்டரி என்று கேட்கலாம். கம்பி, கம்பம், துணைமின்நிலையம் எல்லாமே பெரிய செலவு. ரயில்கள் நிறைய ஓடும் பாதையில்தான் அது கட்டுபடியாகும். சில ஊர்களில் காசு பிரச்சினை இல்லை, அழகு பிரச்சினை. ஜெர்மனியின் ஹானோவரில் 1895 வாக்கில் நகரின் நடுவே கம்பி வேண்டாம் என்று சொல்லி, அங்கே மட்டும் டிராம்களைப் பேட்டரியில் ஓட்டினார்கள். எல்லாம் ஈய-அமிலப் பேட்டரி. எடையோ எடை, சார்ஜ் ஏற மணிக்கணக்கு, போதாததற்கு அமில நெடி வேறு. சில வருஷத்திலேயே கைவிட்டு, கம்பியையே கட்டிக்கொண்டார்கள்.

இனி அயர்லாந்து. 1922-ல் தனி நாடாகிறது. சொல்லிக்கொள்ளும்படி நிலக்கரி கிடையாது, ரயில் எஞ்சினுக்கு வேண்டிய கரி பிரிட்டனிலிருந்து கப்பலில் வரவேண்டும். யாரிடமிருந்து விடுதலை வாங்கினார்களோ அவர்களிடமே எரிபொருளுக்குக் கை நீட்டும் நிலைமை. அதனால் புதிய அரசு ஷானன் நதியில் ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையத்தைக் கட்டியது. சீமென்ஸ் கம்பெனி கட்டிக்கொடுத்தது, 1929-ல் திறந்தார்கள். அந்தச் சின்ன நாட்டுக்கு அது மிகப் பெரிய திட்டம். இவ்வளவு மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்ற கவலைகூட இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் டிரம் (மேளம் இல்லை, பெயரே அதுதான்) என்ற டப்ளின் வேதியியலாளர் ஒரு புதிய மின்கலத்தோடு வருகிறார். ஒரு பக்கம் நிக்கல், மறு பக்கம் துத்தநாகம், நடுவே காரக் கரைசல். எடிசனின் நிக்கல்-இரும்புக் கலம் சுமார் 1.2 வோல்ட்தான் தரும், இது அதைவிட நன்றாகவே அதிகம் தந்தது. ஆனால் வோல்ட்டை விட முக்கியமான குணம் ஒன்று உண்டு. ஒரேயடியாகப் பெரிய மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும், அதேபோல ஒரேயடியாகக் கொடுக்கும். புறநகர் ரயிலுக்கு இதுதான் உயிர்நாடி. சில நிமிஷத்துக்கு ஒரு ஸ்டேஷன், கிளம்பு, வேகமெடு, நில், மறுபடி கிளம்பு. கிளம்பும்போது ஒரு பெரிய இழுப்பு வேண்டும். கடைசி ஸ்டேஷனில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் சார்ஜ் ஏறியாக வேண்டும். ஈய பேட்டரி தடுமாறியது இங்கேதான்.

இன்னொரு விஷயம். பிரேக் போடும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக மாற்றி, ரயிலின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பினார்கள். கம்பியில் ஓடும் ரயிலும் இதைச் செய்யும். ஆனால் டி.சி. பாதையில் அந்த நேரம் பக்கத்தில் இன்னொரு ரயில் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளில்லாவிட்டால் அவ்வளவும் மின்தடைக் கம்பிகளில் வெறும் சூடாகப் போய்விடும். டிரம் ரயிலுக்கு அந்தக் கவலையே இல்லை, வாங்குகிற ஆள் கூடவே பயணம் செய்கிறது. இந்த வீணாகும் மின்சாரத்தைப் பிடித்து வைக்கத்தான் 2012-ல் பிலடெல்பியாவில் துணைமின்நிலையத்தில் பேட்டரி வைத்தார்கள், 2014-ல் லாஸ் ஏஞ்சலஸ் சுரங்க ரயிலில் சுழல்சக்கரம் வைத்தார்கள்.

1930-ல் ஒரு சின்ன வண்டியில் சோதனை. 1931 டிசம்பரில் முழு ரயிலின் வெள்ளோட்டம். இரண்டு பெட்டி, சுமார் 140 பேர் உட்காரலாம், பேட்டரி மட்டும் ஏறக்குறைய 15 டன். டப்ளினிலிருந்து பிரே என்ற கடலோர ஊருக்கு, சுமார் 20 கி.மீ. இரண்டு முனையிலும் சார்ஜ் ஏற்ற வசதி. 1932-ல் இரண்டாவது ரயிலும் வந்தது, 1939-ல் இன்னும் இரண்டு. மொத்தமே நான்குதான்.

அப்புறம் போர். அயர்லாந்து நடுநிலை நாடுதான், ஆனால் பிரிட்டனிலிருந்து வரும் கரி சுருங்கிப் போச்சு. கிடைத்ததும் தூளும் கல்லுமான மட்டரகக் கரி. நீண்டதூர ரயில்கள் வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடிய காலம் அது. அப்போது ஷானன் தண்ணீரில் பிறந்த மின்சாரத்தை ஏற்றிக்கொண்டு டிரம் ரயில்கள் பிரேவுக்குப் போய்வந்து கொண்டிருந்தன. எதற்காகக் கட்டினார்களோ அதை அந்த வருஷங்களில் செய்து காட்டின. இதை மறந்துவிட்டு "தோல்வி" என்பது நியாயமா?

குறை இல்லாமல் இல்லை. துத்தநாகம் சார்ஜ் ஏறும்போது ஒவ்வொரு தடவையும் தகட்டில் ஒரே சீராகப் படியாது. அங்கங்கே மேடு தட்டும், முள் முளைக்கும், கலம் கெட்டுப்போகும். துத்தநாகக் கலங்களுக்கே உள்ள பழைய வியாதி இது. ஆனால் ரயிலைக் கொன்றது அது மட்டுமில்லை என்பது என் கட்சி. பேட்டரி செய்ய ஒரே ஒரு கம்பெனி, வாங்க ஒரே ஒரு ரயில்வே, ஓட நான்கே ரயில். 1940-ல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு கலங்கள் தேய்ந்தால் புதுசுக்கு எங்கே போவது? இருந்ததை வைத்து ஒன்பது வருஷம் ஓட்டியதே பெரிய காரியம். 1949 ஜூலையில் நிறுத்தினார்கள். மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பெட்டிகளை மற்ற எஞ்சின்கள் இழுத்துப்போயின. 1950-களில் டீசல் வந்தது.

பிரே பாதைக்கு மின்சாரம் திரும்ப வர 1984 ஆனது. டார்ட் என்ற பெயரில், இந்தத் தடவை 1500 வோல்ட் மேல்கம்பியோடு. அதே டார்ட்டுக்காக 2021 டிசம்பரில் அல்ஸ்டாம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். முதல் ஆர்டரில் 95 பெட்டி, அதில் 65 பேட்டரியிலும் ஓடக்கூடியவை. வடக்கே டிரோகடா வரை இன்னும் கம்பி இழுக்கவில்லை, இழுக்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் காரணம். சார்ஜ் ஏற்றும் இடத்தை கடைசி ஸ்டேஷனான டிரோகடாவிலேயே வைக்கத் திட்டமிட்டார்கள், அன்று பிரேவில் வைத்த மாதிரியே.