கணக்கு நோட்டும் பாத்திக் துணியும்: சோழமண்டலத்தின் கதை

டிசைன் பண்றவங்க, படம் வரையறவங்க, ரீல்ஸ் எடிட் பண்றவங்க, யார்கிட்ட பேசினாலும் ரெண்டு புலம்பல் கட்டாயம் வரும். ஒண்ணு, "புதுசா எதுவுமே தோண மாட்டேங்குது." இன்னொண்ணு, "தோணினாலும், வேலை முடிஞ்சு வந்து அதைச் செய்ய நேரமும் இல்ல, காசும் இல்ல." இதே ரெண்டு பிரச்சினையும் 60 வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் ஒரு கூட்டத்துக்கு இருந்தது. ரெண்டுக்கும் அவங்க ஒரு பதில் வச்சிருந்தாங்க. அந்தப் பதில் இன்னைக்கும் ஈசிஆரில், ஈஞ்சம்பாக்கத்தில் நிக்குது. சோழமண்டலம் ஓவியர் கிராமம். போர்டைப் பார்த்துட்டே பாண்டிச்சேரிக்குப் போயிருப்பீங்க. இன்னைக்குக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

முதலில் 1850-க்குப் போகணும். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் மெட்ராஸில் ஒரு ஓவியப் பள்ளி தொடங்கினார். பின்னர் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வாரிசு. கலைஞர்களை உருவாக்குவதை விட, கைத்தொழிலாளர்களைப் பயிற்றுவிப்பதுதான் அந்தக் காலத்தில் அதன் முக்கிய வேலை. அதனால் ஓவிய வகுப்புக்குப் பக்கத்திலேயே உலோகம் தட்டும் சத்தமும் களிமண் வாசனையும் இருந்தன. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1936-ல் இந்தப் பள்ளியில் ஒரு 25 வயது மாணவர் சேர்ந்தார். கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை விட்டுவிட்டு, தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஓவியம் படிக்க வந்தவர். அப்போது அங்கே முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பெயர் தெரியலைன்னாலும் அவர் வேலை உங்களுக்குத் தெரியும்: மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1957-ல் அவருக்குப் பிறகு பணிக்கர் அதே பள்ளிக்கு முதல்வரானார்.

பணிக்கருக்கு நல்லா வரையத் தெரியும். அது பிரச்சினையே இல்லை. அவருடைய ஆரம்பகால ஓவியங்களில் வான்கோ, கோகன் போன்றவர்களின் பாதிப்பு தெளிவாகத் தெரியும். அந்தத் தலைமுறை இந்திய ஓவியர்கள் எல்லாருக்கும் இருந்த சிக்கல் அது. பழைய அஜந்தா பாணியைத் திரும்ப வரைந்தால் அது நேற்றைய கலை. பாரிஸ் பாணியில் வரைந்தால் அது இரவல் கலை. அப்படின்னா நம்ம காலத்தின், நம்ம ஊரின் கலை எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியோடு அவர் பல வருஷம் மல்லுக்கட்டினார்.

1963 வாக்கில் அவர் கண்ணில் பட்டது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு.

யோசிச்சுப் பாருங்க. நம்ம எல்லார் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு கிடக்கும். அடுக்கடுக்காக எண்கள், நடுவில் ஒரு முக்கோணம், அதன் மூலைகளில் எழுத்துகள், ஓரத்தில் ரஃப் வொர்க், ஒரு அடித்தல் திருத்தல். நமக்கு அது டெஸ்ட் மார்க். பணிக்கர் அதில் கணக்கைப் பார்க்கவில்லை, பக்கத்தைப் பார்த்தார். எண்ணும் எழுத்தும் வடிவமும் ஒரே தாளில் சேர்ந்து இருக்கும் விதத்தைப் பார்த்தார். யாரும் அழகுக்காகச் செய்யாத ஒன்று. ஆனாலும் அதற்குள் ஒரு ஒழுங்கு இருந்தது.

அதிலிருந்து பிறந்ததுதான் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசை. இந்த ஓவியங்களில் பொடிப்பொடியாக எழுத்துகள் வரிசை கட்டும். ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள் வரும். நடுநடுவே ஒரு மீன், ஒரு பறவை, எண்கள், கோடுகள். எழுத்துகள் பார்க்க மலையாளம் மாதிரி இருக்கும், ஆனா படிக்க முடியாது. படிப்பதற்காக அவர் அதை எழுதவே இல்லை. எழுத்தின் உருவம் மட்டும் போதும் என்பது அவர் முடிவு. 1977-ல் இறக்கும்வரை அவர் இந்த வழியிலேயே போனார். பாரிஸிலும் அஜந்தாவிலும் தேடிய ஒன்று, நோட்டிலும் ஜாதகத்திலும் கிடைத்தது.

இதுல நான் கவனிக்கிற ஒரு விஷயம் இருக்கு. கணக்கு நோட்டை அதுவரைக்கும் லட்சக்கணக்கானவங்க பார்த்திருப்பாங்க. பணிக்கருக்கு மட்டும் அது ஏன் பேசுச்சு? அவர்கிட்ட ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்தது. அப்போ அவருக்கு வயசு 52. பல வருஷமாக ஒரே கேள்வியைச் சுமந்தவர் கண்ணுக்கு, நோட்டு ஒரு பதிலாகத் தெரிந்தது. கேள்வி இல்லாம பின்டரெஸ்டை ராத்திரி முழுக்க ஸ்க்ரோல் பண்ணினாலும் படம்தான் மிஞ்சும்.

சரி, ரெண்டாவது புலம்பலுக்கு வருவோம். காசு.

1960-களின் சென்னையில் நவீன ஓவியம் வாங்குபவர்கள் சொற்பம். கலைப் பள்ளியில் படித்து முடித்தவர் ட்ராயிங் மாஸ்டர் ஆகலாம், விளம்பர கம்பெனிக்குப் போகலாம். ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்றவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு டிசைன் செய்தார்கள். வேலை கிடைக்காத மற்ற மாணவர்கள் என்ன ஆவார்கள்? நன்றாக வரைந்த பிள்ளைகள் பள்ளியை விட்டதும் தூரிகையையும் விட்டுவிடுவார்கள் என்ற கவலை பணிக்கருக்கு இருந்தது.

அவங்க கண்டுபிடிச்ச வழி பாத்திக். துணியில் உருக்கிய மெழுகால் கோலம் வரைவார்கள். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. மெழுகில் விழும் விரிசல் வழியாக மட்டும் சாயம் உள்ளே இறங்கி, மெல்லிய நரம்பு மாதிரி கோடுகள் விழும். மெழுகை எடுத்துவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடி மெழுகு. ஓவியர்களும் மாணவர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, பாத்திக் துணிகளையும் மற்ற கைவினைப் பொருட்களையும் செய்து கண்காட்சி வைத்தார்கள். ஓவியம் வாங்கத் தயங்கியவர்கள் துணியை வாங்கினார்கள்.

அந்தப் பணத்தை வச்சுத்தான் நிலம் வாங்கினாங்க. மகாபலிபுரம் போகும் வழியில், கடலோரமாக, சுமார் 10 ஏக்கர் மணல்வெளி. 1966-ல் சோழமண்டலம் பிறந்தது. அரசு மானியமோ பெரிய புரவலரோ அஸ்திவாரம் போடவில்லை. மெழுகும் சாயமும் போட்டன. ஒப்பந்தம் எளிமையானது: நாளில் கொஞ்ச நேரம் கைவினை, மீதி நேரம் சொந்தக் கலை. விற்பனையில் ஒரு பங்கு சங்கத்துக்கு. துணி வாடிக்கையாளருக்குப் பிடிக்கணும். ஓவியம் யாருக்கும் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. விற்கிற வேலை மொத்த நாளையும் தின்னுடும். ஃப்ரீலான்ஸ் பண்றவங்களுக்கு இது புரியும்: ரெண்டு மாசம் மட்டும்னு எடுத்த லோகோ வேலை ரெண்டு வருஷம் ஓடும். சோழமண்டலத்தில் ஒரு காப்பு இருந்தது. பக்கத்து வீட்டிலும் ஓவியர், எதிர் வீட்டிலும் சிற்பி. "இப்போ என்ன வரையறே?" என்று கேட்க ஆள் இருந்தது. எஸ்.ஜி. வாசுதேவ், ஜே. சுல்தான் அலி, பி.வி. ஜானகிராம் எல்லாரும் இந்தக் கூட்டத்தில் உருவானவர்கள். ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களைப் பார்த்தால் கோயில் மூலவருக்குச் சாத்தும் கவசம் ஞாபகம் வரும். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் முகப்பைப் பார்த்து நிற்கும் சிற்பங்கள் செய்தார். கண் பழகின பொருள்கள், ஆனா புது வேலை.

இதே மெட்ராஸ் மரபு கேலரிக்கு வெளியேயும் வந்தது. ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் போயின. பல தமிழ்ப் புத்தக அட்டைகளில் அவர் எழுத்துருவும் படமும் இருக்கின்றன. நவீன ஓவியம் புரியாதுன்னு சொன்ன வீடுகளுக்குள்ளும் அது வாராவாரம் கடை வழியாப் போயிடுச்சு.

இப்போ 1850-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. ஓவிய வகுப்பும் பட்டறையும் ஒரே வளாகம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு 'இது கலை, இது வெறும் கைவேலை' என்ற சுவர் உயரமாக இல்லை. அதனால்தான் கணக்கு நோட்டு ஓவியத்துக்குள் வர முடிந்தது, ஓவியர் கூச்சப்படாமல் துணி விற்க முடிந்தது. ரெண்டு பதிலும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

2009-ல் அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். மெட்ராஸ் கலை இயக்கத்தின் முக்கியமான வேலைகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். அடுத்த முறை ஈசிஆர் டிரைவ் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. திருவனந்தபுரம் போறவங்க, அங்கே மியூசியம் வளாகத்தில் பணிக்கருக்குன்னே ஒரு கேலரி இருக்கு, அதையும் விட்டுடாதீங்க. அந்த எண்களைக் கூட்டிப் பார்க்க முயற்சி பண்ணாதீங்க, விடை வராது. அதுக்குப் பதிலா, வீட்டுக்கு வந்ததும் பரணில் இருக்கிற உங்க பழைய நோட்டை இறக்கி ஒரு பக்கம் புரட்டுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.