ஏற்காட்டுக் குளிரும் கிராஸ் ஸ்டிட்சும்

சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தது யாருன்னு கேட்டா சட்டுனு பதில் வரும்: 1820களில் சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்ன். சுமார் 5000 அடி உயரம், மார்கழிப் பனி, கதவைச் சாத்திட்டு சூடா ஒரு காபி. மனுஷன் நல்லா இருக்கணும்!

ஆனா குளிர்காலத்துல எனக்குக் காபி மட்டும் போதாது, மடியில மேட்டி துணியும் வேணும். அதுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க.

ஐரோப்பாவில் சின்னப் பெண்கள் எழுத்தையும் எண்ணையும் கிராஸ் ஸ்டிட்சில் போட்டுப் பழகுவாங்க. மூலையில தன் பேர், வருஷம். மிஷன் பள்ளிகளும் கான்வென்ட்களும் தையலை இங்கேயும் பாடமாக்கின. ஏற்காட்டுல சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் தொடங்கினது 1894ல். தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ள இந்தத் தையல் கிளியாவும் ரோஜாவாவும் வந்து, தலையணை உறையிலும் டிவி கவரிலும் உட்கார்ந்துடுச்சு.

இழை எண்ணித் தைக்கிறது வெளிநாட்டு வித்தை மட்டும்னு நினைக்காதீங்க. நீலகிரித் தோடர் பெண்கள் துணியில எதுவும் வரையாம, இழையை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலில் தைக்கிறாங்க. 2013ல் அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது.

நம்ம பாட்டிகள் தைச்சதுக்கு? கிளி இருக்கு, ரோஜா இருக்கு, தைச்சவங்க பேர் இல்லை. காபிக்கு ஒரு காக்பர்னை ஞாபகம் வச்சிருக்கோம். பரண்ல பழைய உறை கிடந்தா, அது யார் கைவேலைன்னு வீட்டுப் பெரியவங்களை இப்பவே கேட்டு, ஓரத்துல பேரைத் தைச்சு வைங்க.