மலைநாட்டில் வெற்றிடக் குழாயின் காலம்

ஒரு நாட்டின் வரலாறு அரசியல் மாற்றங்களால் மட்டும் அமைவதன்று. மக்கள் கையாண்ட கருவிகளாலும் அமைவதாகும். தேயிலை மலைநாட்டின் வரலாற்றை எழுதுவோர் தோட்டங்களின் பரப்பையும் விளைச்சலையும் விரித்துரைப்பர். ஆங்குக் கோயில் விழாவிலும் தொழிற்சங்கக் கூட்டத்திலும் மனிதக் குரலைத் தொலைவுக்குக் கொண்டுசென்ற கருவியை எண்ணுவோர் சிலரே. அக்கருவியின் உயிர்நிலை, ‘வால்வு’ என வழங்கிய வெற்றிடக் குழாயாகும்.

1904ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய பிளெமிங் இருமுனைக் குழாயை ஆக்கினார். சிறிது காலத்தில் அமெரிக்கராகிய டி பொரெஸ்ற் அதனிடையே நெய்யரி என்னும் மூன்றாம் முனையை அமைத்தார். சூடேறிய கதோட்டிலிருந்து அனோட்டை நோக்கிப் பாயும் இலத்திரன்களை, நெய்யரியில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம் பெரிதும் கூட்டவும் குறைக்கவும் வல்லது. நலிந்த ஒலிக்குறியை வலிமையாக்கும் விரியலாக்கிக்கு இதுவே அடிப்படை.

இலங்கையில் 1923இல் தந்தித் திணைக்களத்தைச் சேர்ந்த எட்வேட் ஹாப்பர் ஒலிபரப்புச் சோதனைகளைத் தொடங்கினார். 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் திறக்கப்பெற்றது. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. ஒலிபரப்பும் நிலையத்திலும் கேட்போர் வீட்டிலும் அக்காலத்தில் தொழிற்பட்டவை வெற்றிடக் குழாய்களே.

மலைநாட்டிலோ மின்வலு அரிதாயிருந்தது. விமலசுரேந்திரா 1918இலேயே நீர்மின் வலுவின் பயனை எடுத்துரைத்தாராயினும், இலக்சபான நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கியது. அம்மலைகளிற் பிறந்த மின்சாரம் தோட்ட லயன்கள் பலவற்றை நெடுங்காலம் எட்டவில்லை. குழாய்க்கோ இருவகை மின்சாரம் வேண்டும்: இழையைச் சூடாக்கச் சிறிய மின்னழுத்தம் ஒன்று, அனோட்டுக்கு நூற்றுக்கணக்கான வோல்ற்று மற்றொன்று. மின்கம்பி இல்லாத இடத்தில் மோட்டார் வண்டியின் பற்றரியோடு அதிர்வியை இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்துவதே அக்கால விரியலாக்கிகளுக்கு வழியாயிருந்தது.

குழாய் தேயும் பொருள். ஆதலின் சொருகியிற் செருகவும் கழற்றவும் ஏற்றவாறு அமைக்கப்பெற்றது. ஆயினும் மாற்றுதல் எளிது, காரணம் அறிதல் அரிது. கண்ணாடியினுட் படிந்த வெள்ளிநிறப் பூச்சு வெண்மையாயின், காற்றுப் புகுந்துவிட்டது என்பது பொருள். அனோட்டு செந்நிறமாக ஒளிருமாயின், குழாயைக் குறைகூறுமுன் நெய்யரிக்கு முன்னுள்ள ஒடுக்கி கசிகின்றதா என நோக்கல் வேண்டும். அதனை விடுத்துப் புதுக்குழாயைச் செருகினால் அதுவும் கெடும். இணையாகத் தொழிற்படும் இரு குழாய்கள் ஓட்டத்தில் ஒத்திருத்தல் வேண்டும். பனியும் ஈரமும் மிக்க மலையகத்திற் சொருகியின் முனைகள் கறைபடுதல் இயல்பு. கரகரப்பொலிக்கு அக்கறையே காரணமாயின், முனைகளைத் துடைத்தலே போதும். மின்னை நிறுத்திய பின்னரும் ஒடுக்கியில் உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கும் என்பதை மறத்தலாகாது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தது. உதிரிப்பொருள் அரிதான அக்காலத்தில், நல்ல குழாயை வீணே எறியாமற் காக்கும் அறிவு செல்வத்துக்கு நிகராயிற்று. எனினும் 1947இற் கண்டுபிடிக்கப்பெற்ற திரான்சிற்றர் அதற்குள் பரவியிருந்தது. இழையைச் சூடாக்க வேண்டாத அச்சிறு கருவி, மின்கம்பி எட்டாத லயன் அறைக்கும் சில பற்றரிகளின் துணையோடு வானொலியைக் கொண்டுசென்றது.

கொத்மலையின் கதை இதனைத் தெளிவாக்கும். மகாவலித் திட்டத்தின் பெரிய அணை ஆங்கு எழுந்து, 201 மெகாவாற்று வலுவுள்ள நிலையம் 1985இல் இயங்கத் தொடங்கியது. 1989இற் கொத்மலைச் சமூக வானொலி தோன்றியது. வலுவும் வானொலியும் அம்மண்ணிலேயே பிறந்தபோது வெற்றிடக் குழாயின் காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. மின்சாரம் பரவுமுன்னரே மலைநாட்டிற் குரலை எழுப்பிய பெருமை, பற்றரியைச் சுமந்து சென்று, குறையை ஆராய்ந்து, குழாயைக் காத்த கைவினைஞர்க்கு உரியது.

அன்னாருடைய பெயர்கள் ஏடுகளில் இடம்பெறுதல் அரிது. பழைய விரியலாக்கிகளோ பழைய இரும்பாக விலைபோகின்றன. மாணவர் தத்தம் ஊர்களில் எஞ்சிய கருவிகளையும் முதியோர் நினைவுகளையும் குறித்துவைப்பாராயின், மலையக வரலாற்றில் விடுபட்டதோர் அதிகாரம் நிறைவுபெறும். அதற்குரிய காலம் குறுகியது.